ஒரு மா நிலம், ஒரு சம்பா: யார் கையும் படாமல் செய்து பார்த்த சாகுபடி

இடம்: திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைக் கிராமம் ஒன்று. காலம்: 2024 ஆகஸ்ட் முதல் 2025 பிப்ரவரி வரை. ரகம்: மாப்பிள்ளைச் சம்பா. முறை: ஒற்றை நாற்று நடவு. பரப்பு: ஒரு மா. ஆள்: நான் ஒருவன். வயது 46. அதுவரை ஒரு நாற்றைக்கூட மண்ணில் வைத்ததில்லை.

மா என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. 12 அடிக் கோலால் சதுரமாக அளந்தால் ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஏக்கரில் சொன்னால் மூன்று மா சேர்ந்து ஒரு ஏக்கர், ஒரு மா 33 சென்ட். டெல்டாக் கணக்கில் இது சின்ன வயல்தான். அந்தச் சின்ன வயல் என்னிடம் 43 நாள் உழைப்பை வாங்கிக்கொண்டது. என்ன செய்தேன், எங்கே தவறினேன், எதை மாற்றிக்கொண்டேன் என்பதை நோட்டில் எழுதியபடியே இங்கே வைக்கிறேன்.

ஏன் இறங்கினேன்

2024 மே மாதம் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். தொழில் என்ற இடத்தில் வழக்கம்போல் 'விவசாயம்' என்று எழுதினேன். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "எழுதுறது சரிடா. ஒரு நாளாவது சேத்துல எறங்கியிருக்கியா நீ?" என்று கேட்டார். குத்திக் காட்டுகிற குரலே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

எங்களுக்கு நாலு ஏக்கர். அப்பா காலத்திலிருந்தே குத்தகைதான். அப்பா வரப்பில் குடை பிடித்து நின்றவர். நான் அந்த வரப்பில்கூட நிற்காமல் 20 வருடம் சென்னையில் கணக்கு எழுதியவன். ஆனால் யார் கேட்டாலும் "தஞ்சாவூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இந்த மண்ணில் அது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை கிடையாது. கீழ்வெண்மணி எங்களுக்கு அதிக தூரமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்துபோன ஊர். அந்த மக்கள் கேட்டது கூலியில் கூடுதலாக அரைப்படி நெல். 'நாங்கள் சாகுபடி செய்தோம்' என்று என் போன்ற வீடுகளில் சொல்லும்போதெல்லாம், குனிந்து செய்த முதுகு வேறு யாருடையதோ. அம்மா கேட்ட கேள்வி ராத்திரியெல்லாம் காதில் நின்றதற்குக் காரணம் இதுதான். ஊருக்கு எதையும் காட்டவேண்டிய அவசியம் எனக்கில்லை. அந்த ஒற்றை வார்த்தையை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நானே தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது.

குத்தகை செய்யும் மாமாவிடம் ஒரு மாவை மட்டும் திரும்பக் கேட்டேன். "மேலத்தாக்கு பள்ளம் மாப்ள, தண்ணி நிக்கும்" என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னதன் பொருள் நவம்பரில்தான் புரிந்தது.

வைத்துக்கொண்ட விதி

உழவுக்கு டிராக்டர் உண்டு. அதற்கப்புறம் அண்டை வெட்டுவது (வரப்போரத்தை மண்வெட்டியால் வெட்டிச் சீராக்குவது), விதை முளைகட்டுவது, நாற்று விடுவது, நடவு, களை, அறுப்பு, அடிப்பு, தூற்றுவது எல்லாம் என் இரண்டு கை. யாரிடமும் யோசனை கேட்கலாம், யார் கையும் என் வயலில் படக்கூடாது. எதிலாவது மீறினால் தேதி போட்டு எழுதவேண்டும். இவ்வளவுதான் விதி.

மாப்பிள்ளைச் சம்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பெண் கேட்டு வருகிறவன் இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்டவேண்டும், அதற்குத் தெம்பு கொடுக்கிற அரிசி என்றுதான் அந்தப் பெயர் வந்ததாக எங்கள் பக்கம் சொல்வார்கள். விதை, நெல் ஜெயராமன் தொடங்கி வைத்த வழியில் வந்தது. ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்தவர் அவர். 2018 டிசம்பர் 6 அன்று காலமானார். 2 கிலோ விதை தருவார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பணம் கிடையாது. விளைச்சல் எவ்வளவு வருகிறதோ வரட்டும், அந்த 4 கிலோவைக் கொடுக்க முடியாமல் போகக்கூடாது என்பது எனக்குள் ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

தண்ணீர் வரும்வரை

அந்த வருடம் மேட்டூர் வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, அணையில் தண்ணீர் இல்லை. ஜூலையில் கர்நாடகத்தில் மழை கொட்டி, 28-ஆம் தேதி திறந்தார்கள். இரண்டே நாளில் அணை முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. திறந்த தண்ணீர் அன்றைக்கே வயலுக்கு வந்துவிடாது. கல்லணையில் வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மூன்றாகப் பிரிந்து, கிளை கிளையாகக் கடைமடைக்கு வந்து சேரும்வரை வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். அதுவரை அண்டை வெட்டினேன். களிமண்ணில் மண்வெட்டி இறங்கினால் ஏறாது. இரண்டாம் நாளே உள்ளங்கையில் கொப்புளம் உடைந்துவிட்டது. கோடை மழைக்குப் பசுந்தாள் உரமாக விதைத்திருந்த தக்கைப்பூண்டை மடக்கி உழுதாயிற்று.

ஆகஸ்ட் 25 அன்று விதை விட்டேன். முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் மிதந்த பொக்கு நெல்லை அள்ளிப் போட்டுவிட்டு, மூழ்கியதை நன்றாக அலசி, ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டேன். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டபோது கதகதவென்று சூடு. அதற்குமுன் பிறந்த கன்றுக்குட்டியின் வயிற்றில்தான் அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

நடவு: 11 நாள்

ஒற்றை நாற்று நடவு மடகாஸ்கரில் 1980-களில் உருவான முறை. குத்துக்கு ஒரே நாற்று, 15 நாள் வயதுக்குள் இளம் நாற்று, 25 செ.மீ. இடைவெளி, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் கட்டுவது. நெருக்கமில்லாததால் ஒவ்வொரு நாற்றும் நிறையத் தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பல தண்டுகள் கிளைக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. ஒரு மாவுக்கு 21,000 நாற்றுக்கு மேல் வேண்டும். எத்தனை முறை குனியவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

செப்டம்பர் 9 காலை ஆறு மணிக்கு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டி இறங்கினேன். ஒரு மணி நேரத்தில், நட்ட நாற்றில் பாதி படுத்துக்கிடந்தது. அந்த வழியாக வேறு நடவுக்குப் போன ஓர் அக்கா வரப்பில் நின்றார். எங்கள் ஊர் நடவுக் கொத்துக்கு, அதாவது சேர்ந்து நடுகிற குழுவுக்கு, அவர்தான் முன்னால் நிற்பவர். சின்ன வயதிலிருந்து எங்கள் வயலில் நட்டவர். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபிறகுதான் சொன்னார்: "குத்தாதீங்க தம்பி. வைங்க."

எனக்குப் புரியவில்லை. வரப்பில் கிடந்த நாற்று ஒன்றை எடுத்து, தன் உள்ளங்கையிலேயே காட்டினார். கட்டைவிரலால் வேரை மண்ணுக்குள் அழுத்தினால் வேரின் நுனி மேல்நோக்கி மடங்கிவிடும். அது திரும்பிக் கீழே இறங்கப் பல நாள் ஆகும், அத்தனை நாளும் நாற்று வெளுத்து நிற்கும். அதற்குப் பதில் நாற்றின் அடியை இரண்டு விரலில் லேசாகப் பிடித்து, சேற்றின் மேலாகப் பக்கவாட்டில் வழித்துக்கொண்டுபோய் விட்டுவிடவேண்டும். வேர் படுத்தபடி இருக்கும், நாற்று நிற்கும். விதை நெல்லின் உமி வேரோடு ஒட்டியிருக்கும், அதுவும் பிய்ந்துவிடக் கூடாது. அவர் விரல் சேற்றில் ஒரு அரை அங்குலம்கூட இறங்காது என்று சொல்லும்போது, 40 வருட நடவு அந்த இரண்டு விரல் நுனியில் இருப்பதைப் பார்த்தேன். தன் உள்ளங்கையில்தான் காட்டினார், என் வயலில் கால் வைக்கவில்லை. விதி அவருக்குத் தெரியாது. ஆனாலும் வைக்கவில்லை.

முதல் நாள் 900 நாற்று. இரண்டாம் நாள் 1,200. மூன்றாம் நாள் இடுப்பு நிமிரவில்லை, வரப்பில் குப்புறப் படுத்துவிட்டு மறுபடி இறங்கினேன். ஐந்தாம் நாளிலிருந்து 2,000-க்கு மேல் போனது. செப்டம்பர் 19 மாலை கடைசி நாற்றை வைத்தேன். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஆனால் சொல்கிறேன், அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து அந்த வயலைப் பார்த்த நேரத்துக்கு ஈடாக என் 20 வருடச் சம்பளத்தில் ஒரு மாதம்கூட இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை நான் கவனிக்கவில்லை. முதல் நாள் வைத்த நாற்றுக்கு வயது 15. கடைசி நாள் வைத்ததற்கு 25. நவம்பர் 10 அன்று இரண்டு பகுதியிலும் பத்துப் பத்துக் குத்தாகத் தூர் எண்ணினேன். முதல் நாள் பகுதியில் சராசரியாக 31 தூர். கடைசிப் பகுதியில் 17. ஒரே விதை, ஒரே மண், ஒரே தண்ணீர். அக்காவின் கொத்தில் ஐந்து பேர் இறங்கியிருந்தால் ஒரே நாளில் முடித்திருப்பார்கள், வயல் முழுக்க 31 இருந்திருக்கும். நான் தனியாகச் செய்தேன் என்பதற்குப் பயிர் விலை கொடுத்தது. அந்த விலையை நான் கொடுக்கவில்லை என்பது அன்றைக்கு என்னை உறுத்தியது.

களை நான்கு முறை, வரிசைக்கு நடுவே கையால் தள்ளுகிற கோனோவீடர் என்ற களைக் கருவியால். ஒவ்வொரு முறையும் மூன்று நாள். இரண்டாம் நாள் கயிறு நழுவியதால் கோணிப்போன வரிசையில் மட்டும் கருவி போகவில்லை. அங்கே கையால் பறித்தேன். வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 26

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ல் புதுச்சேரி பக்கம்தான் கரையைக் கடந்தது. ஆனால் அதற்குமுன் 26, 27 தேதிகளிலேயே எங்கள் பக்கம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. 26 இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு போனேன். வயலுக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மாப்பிள்ளைச் சம்பா உயரமாக வளர்கிற ரகம் என்பதால் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தெரிந்தது. அடுத்த வயலில் மாமாவின் பி.பி.டி. 5204, குட்டை ரகம், முழுக்க உள்ளே போய்விட்டது.

மண்வெட்டியால் தெற்கு வரப்பைக் கிழித்து வடிகால் பக்கம் திறந்துவிட்டேன். தண்ணீர் போகவில்லை. எதிர்த்து உள்ளே வந்தது. அவசரமாக மண்ணை அணைத்து அடைத்தேன், அது கரைந்தது, மறுபடி அடைத்தேன். இப்படியே பதினொரு மணிவரை அந்த ஒரே இடத்தில் நின்றிருக்கிறேன். அப்போதுதான் மாமா வந்தார். அவர் முகத்தில் என்மேல் கோபம்.

"ஒத்த வயல எங்கய்யா வடிப்ப? வாய்க்கா அடைச்சுக் கெடக்கு, எல்லாரும் மதகுல நிக்கிறாங்க. நீ இங்க என்ன பண்ற?"

மதகில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆகாயத்தாமரை வாய்க்கால் அகலத்துக்கு ஒரு சுவர்போல் வந்து அடைத்திருந்தது. நாங்கள் இழுக்க இழுக்க மேலேயிருந்து வந்துகொண்டே இருந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் நாலு பேர் உள்ளே நின்று அரிவாளால் அறுத்து விடுவார்கள், மற்றவர்கள் கயிற்றில் கொக்கி போட்டுக் கரைக்கு இழுப்போம். ஒரு கட்டு இழுக்க ஆறு பேர் வேண்டும். அதில் நிலம் உள்ளவர், குத்தகைக்காரர், நிலமே இல்லாதவர் எல்லாரும் இருந்தார்கள். நிலமில்லாத ஒரு பையனிடம் நீ ஏன்டா வந்தாய் என்று யாரோ கேட்டதற்கு, "பயிரு போச்சுன்னா அறுப்பும் போச்சு" என்றான். இரண்டு பகல், இரண்டு இரவு. மூன்றாம் நாள் மதகில் தண்ணீர் சத்தம் மாறியது. நாலாம் நாள் காலை என் வயலில் தூர் தெரிந்தது.

குடிமராமத்து என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஊர்கூடி வாய்க்கால் பார்த்துக்கொள்கிற பழைய ஏற்பாடு என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறேன். நோட்டில் 29-ஆம் தேதி இப்படி எழுதினேன்: 'என் வயலில் இன்றுவரை வேறு கால் படவில்லை. ஆனால் தண்ணீர் போனது என்னால் இல்லை. இது மீறலா?' அடியில் இரண்டு நாள் கழித்து, 'ஆமாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காவிரிப் படுகையில் யார் கையும் படாத வயல் என்று ஒன்று இருக்கவே முடியாது. மேட்டூர் மதகைத் திறக்கிறவர் கையிலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. நான் வைத்த விதி, வைத்த அன்றைக்கே தப்பான விதி.

அறுப்பு

பொங்கல் முடிந்த வாரத்தில் பருவம் தப்பி மறுபடி மழை. உயரமான பயிர் என்பதற்கு இப்போது விலை கொடுக்கவேண்டி வந்தது. கிழக்குப் பக்கம் கால்வாசி வயல் சாய்ந்துவிட்டது.

பிப்ரவரி 3 அன்று அரிவாளோடு இறங்கினேன். சாயாத பக்கம் முதலில். பொழுது சாயும்போது அளந்து பார்த்தால் 3 சென்ட். 33 சென்ட்டுக்கு 11 நாள். நோட்டைப் புரட்டினால் நடவிலும் அதே 11. டார்ச்சை எடுத்துக்கொண்டு கிழக்குப் பக்கம் போய்ச் சாய்ந்த கதிரைத் தூக்கிப் பார்த்தேன். ஈரத்தில் கிடந்த கதிரில் அங்கங்கே வெள்ளையாக முளை.

நடவின்போது இந்தக் கணக்கு என் கண்ணில் படவில்லை. இப்போது பட்டது. விதியைக் காப்பாற்றினால் நெல் போகும். ராத்திரியே அக்கா வீட்டுக்குப் போனேன். "நாளைக்கு நாலு பேர் வரணும்க்கா. ஊர்க் கூலி. நானும் கூட அறுப்பேன்" என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "சாஞ்சதுலேருந்து தொடங்கலாமா தம்பி?"

இதைத் தோல்வி என்று எழுதவேண்டுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். விதியின்படி தோல்விதான், நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பிப்ரவரி 3 ராத்திரி எடுத்த முடிவுதான், அந்த ஆறு மாதத்தில் ஒரு விவசாயி எடுக்கிற முதல் முடிவாக எனக்குப் படுகிறது. அதுவரை நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் பயிரைப் பார்த்தேன்.

மறுநாள் ஐந்து பேராக வரிசை பிடித்தோம். அவர்கள் கையில் அரிவாள் போகிற சத்தம் ஒரே சீராக இருக்கும், சரக் சரக்கென்று. என் சத்தம் தனியாகக் கேட்கும். அவர்கள் தங்கள் வரிசையை முடித்துவிட்டுக் கரையேறவில்லை, எதிர்முனையிலிருந்து என் வரிசையை அறுத்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் அக்காவும் நானும் எதிரெதிரே வந்து சேர்ந்தோம். கடைசிப் பிடியை எனக்கு விட்டுவிட்டு நிமிர்ந்தார். அதோடு அறுப்பு முடிந்தது.

நெல்லும் விதையும்

படுதா விரித்து, கல்லில் கட்டடித்து, தூற்றி, காயவைத்தது எல்லாம் என் வேலைதான், ஆறு நாள் ஆனது. காய்ந்த எடை 246 கிலோ. என் ஆள்நாளை எண்ணினால்: விதை, நாற்றங்கால் 4, அண்டை 5, நடவு 11, களை 12, மதகு 3, அறுப்பு 2, அடிப்பும் காயவைப்பும் 6. மொத்தம் 43. கூலி போட்டுப் பார்த்தால் நஷ்டம்தான். நடவை ஐந்து பேரிடம் விட்டிருந்தால் அதில் மட்டும் ஆறு ஆள்நாள் மிச்சம், தூரும் கூடியிருக்கும்.

விதைக்கு எடுத்தது முதல் மூன்று நாள் நட்ட பகுதியிலிருந்து, சாயாத குத்தாகப் பார்த்து. தனியாக அடித்து, தனியாகக் காயவைத்தேன். பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடையவேண்டும் என்று அம்மா சொன்னார். அவரே தினம் இரண்டு நெல்லைக் கடித்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் சரி என்று தலையாட்டினார். 4 கிலோவைத் துணிப்பையில் அளந்து கட்டி, வேப்பிலை போட்டு, பரணில் வைத்திருக்கிறது. திருவிழாவுக்குக் கொண்டுபோகவேண்டும். பக்கத்தில் இன்னொரு சின்னப் பையில் 1 கிலோ இருக்கிறது, அடுத்த சம்பாவுக்கு. அந்தச் சம்பாவில் நடவு ஒரே நாள்தான் என்று அக்காவிடம் இப்போதே சொல்லியாயிற்று. ஆறு பேர், என்னையும் சேர்த்து.